‘ஏன்?’ எங்கே நிற்கிறது: ஆத்திகமும் நாத்திகமும் பிரியும் இடங்கள்

கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் குரல் உயர்ந்து கெட்டுப்போகிறது. பேசுகிற இருவரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது இருவருக்குமே தெரிந்திருக்காது. ஒருவர் உலகம் எப்படி வந்தது என்று கேட்பார். மற்றவர் மத நிறுவனங்கள் செய்த கொடுமைகளைப் பட்டியலிடுவார். இரண்டும் பேச வேண்டியவைதான். ஆனால் ஒன்றுக்கு மற்றது பதில் ஆகாது.

இந்த விவாதத்துக்குப் புதியவர்களுக்கு ஒரே ஒரு கருவி போதும். எந்த விளக்கத்தையும் ‘ஏன்?’ ‘ஏன்?’ என்று பின்னால் துரத்திக்கொண்டே போனால் அது எங்காவது ஓரிடத்தில் நின்றாக வேண்டும். ஆத்திகர் ஓரிடத்தில் நிறுத்துகிறார், நாத்திகர் வேறோரிடத்தில். அந்த இடம் எது, அங்கே நிற்க அவருக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சொற்கள்

ஆத்திகம் என்றால் கடவுள் நம்பிக்கை, நாத்திகம் என்றால் கடவுள் மறுப்பு. இன்றைய வழக்கு இது. பழைய இந்தியத் தத்துவத்தில் கோடு வேறு இடத்தில் விழுந்தது. வேதத்தைப் பிரமாணமாக, அதாவது அறிவுக்கு ஆதாரமாக, ஏற்றவர் ஆத்திகர், ஏற்காதவர் நாத்திகர். அந்தக் கணக்கில், படைப்புக் கடவுள் தேவைப்படாத சாங்கியத் தத்துவம் ஆத்திகப் பக்கம் நிற்கிறது. உலகைப் படைத்த ஒருவர் இருக்கிறார் என்பதை எதிர்த்து வாதாடிய குமாரில பட்டரின் மீமாஞ்சையும் (வேதச் சடங்குகளை விளக்கும் தத்துவம்) அதே பக்கம்தான். பௌத்தமும் சமணமும் நாத்திகப் பக்கம். ஆனால் அவை மதங்கள், வினையையும் மறுபிறப்பையும் ஏற்பவை. ஆகவே மதம், கடவுள், மறுமை ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டவர்கள் நிறைய.

‘கடவுள்’ என்ற சொல்லுக்குள்ளும் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள். உலகைப் படைத்து, வேண்டுதலைக் கேட்டு, தலையிடுகிறவர் ஒருவர். படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர் இன்னொருவர். ஆளாக இல்லாமல் எல்லாமாக இருக்கும் மெய்ப்பொருள் மூன்றாவது. உலகுக்குள்ளேயே இருக்கும் மிகப் பெரிய ஆற்றல் கொண்ட தேவர்கள் நான்காவது. முதலாமவரை மறுக்கும் வாதம் மூன்றாவதைத் தொடாமலே போய்விடலாம். அதனால், கடவுள் இல்லை என்று ஒருவர் சொன்னாலும் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னாலும் முதல் கேள்வி ‘எந்தக் கடவுள்?’ என்பதாக இருக்கட்டும்.

மறுப்பிலும் படிகள் உண்டு. ‘நம்புவதற்குப் போதிய காரணம் கிடைக்கவில்லை’ என்பது ஒரு நிலை. ‘கடவுள் இல்லை என்பது எனக்கு உறுதி’ என்பது வேறு நிலை. இதைச் சொல்கிறவர் தன் பங்குக்கு ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர். மனித அறிவால் இதைத் தீர்க்க முடியாது என்பது மூன்றாவது நிலை. ஆங்கிலத்தில் அதற்கு ‘அக்னாஸ்டிக்’ என்ற பெயரை 1869இல் தாமஸ் ஹக்ஸ்லி உண்டாக்கினார். தெரியுமா என்பது ஒரு கேள்வி, நம்புகிறாயா என்பது இன்னொரு கேள்வி. ‘தெரியாது, ஆனாலும் நம்புகிறேன்’ என்று ஒருவர் முரண் ஏதுமின்றிச் சொல்லலாம்.

எதைக் கொண்டு அறிவது?

தமிழ்த் தத்துவ மரபு இதற்கு ‘அளவை’ என்று பெயர் வைத்தது: காண்டல், கருதல், உரை. நேரே காண்பது, கண்டதிலிருந்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொன்னதை ஏற்பது. உலகாயதர், அதாவது பொருள் உலகை மட்டுமே ஏற்றவர்கள், காண்டலையே அளவையாகக் கொண்டவர்கள். மணிமேகலையில் பூதவாதி (நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்பவர்) ஒருவர் இதைச் சொல்ல, மணிமேகலை சிரித்து, உன் தாய் தந்தையரை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்று இன்று சொல்பவருக்கும் அதே கேள்வி காத்திருக்கிறது. அணுவையும் அவர் ஊகத்தால்தான் ஏற்கிறார்.

இன்றைய நாத்திகர் பெரும்பாலும் காண்டல், கருதல் இரண்டையும் ஏற்பவர். இடறுவது மூன்றாவதில். ஒரு நூலையோ ஞானியையோ உரை அளவையாக ஏற்க அந்த நூலுக்கு வெளியே காரணம் வேண்டும் என்பார் அவர். பல மதங்கள் பல நூல்களை வைத்திருக்க, ஒன்றை மட்டும் எப்படித் தேர்வது என்பது அவர் வாதம். அன்றாட அறிவில் பெரும்பகுதி உரையால்தான் வருகிறது, மருத்துவர் சொல்வதையும் வரைபடம் காட்டுவதையும் நாம் சோதித்தா ஏற்கிறோம் என்று ஆத்திகர் திருப்பிக் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் மருத்துவர் சொன்னதை வேறொருவர் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மறுமையைப் பற்றிய கூற்றுக்கு அப்படி ஒரு வழி உண்டா என்பதில்தான் உண்மையான பிளவு.

ஏன் எதுவுமே இருக்கிறது?

ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குப் பதிலாக ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1714இல் கேட்டார். ஆத்திகர் இங்கே கையாளும் வாதங்களில் புதியவர் அறிய வேண்டியது, இஸ்லாமியச் சிந்தனையாளர் அல் கஸாலி பதினோராம் நூற்றாண்டில் தெளிவாக முன்வைத்த மூன்று படி வாதம். தோன்றியது எதற்கும் காரணம் உண்டு. உலகம் தோன்றியது. எனவே உலகுக்கு ஒரு காரணம் உண்டு.

இதற்கு நாத்திகர் பலர் உடனே சொல்லும் பதில்: அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்? இந்தப் பதில் குறி தவறுகிறது. ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது சரியான அடி. வாதமோ ‘தோன்றியது எதற்கும்’ என்றுதான் தொடங்குகிறது. கடவுள் தோன்றியவர் அல்லர் என்பது ஆத்திகர் நிலை. வாதத்தின் பலவீனம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இரண்டாம் படி. பிரபஞ்சம் சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக அடர்ந்த, மிகச் சூடான நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. ஆனால் அந்த நிலைக்கு முன் என்ன, ‘முன்’ என்ற சொல்லுக்கே அங்கே பொருள் உண்டா என்பதற்கு இயற்பியலிடம் இன்னும் முடிவான பதில் இல்லை. பொதுச் சார்பியலையும் குவாண்டம் கோட்பாட்டையும் இணைக்கும் வேலை முடியவில்லை. மற்றொன்று, முடிவுக்குப் பின் வரும் பள்ளம். ஒரு முதற்காரணம் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அது அறிவுடையது, ஒன்றே ஒன்று, வேண்டுதலைக் கேட்பது என்பவற்றை இந்த மூன்று படிகள் காட்டவில்லை. அதற்குத் தனியாக உழைக்க வேண்டும்.

பெருவெடிப்புக் கொள்கையின் மூலவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமெத்ர் கத்தோலிக்கக் குரு. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைப் படைப்புக்கு ஆதரவாகச் சுட்டிப் பேசியபோது லெமெத்ருக்கு அது உவப்பாக இல்லை. அறிவியலையும் மறையையும் அப்படிக் கட்டுவது இரண்டுக்குமே ஆபத்து என்று நினைத்தவர் அவர். நாளைக்கு அறிவியல் மாறினால் கட்டிய மறையும் கூடவே ஆடும் அல்லவா?

இன்னொரு வழி, அமைப்பைப் பார்த்து அமைத்தவரை ஊகிப்பது. குடத்தைப் பார்த்தால் குயவர் இருப்பது தெரிகிறது, உலகமும் அப்படியே என்பது நியாயம் என்ற தர்க்க மரபைச் சேர்ந்த நையாயிகர் வாதம். அவர்களில் ஒருவரான உதயணர் இதை விரிவாக வளர்த்தார். பௌத்தத் தத்துவவாதி தர்மகீர்த்தி அதற்கு முன்பே மடக்கியிருந்தார்: புற்றும் மண்ணால் ஆனதுதான், அதையும் குயவர்தான் செய்தாரா? குடத்தின் பின் குயவரை நாம் கண்டிருக்கிறோம். அதனால்தான் அந்த ஊகம் செல்லும். உலகங்கள் செய்யப்படுவதை யாரும் கண்டதில்லை. 1802இல் வில்லியம் பேலி கடிகாரத்தை வைத்து இதே வாதத்தைச் சொன்னார். உயிர்களின் உறுப்பமைப்பைப் பொறுத்தவரை, செய்தவர் இல்லாமலே செய்தது போன்ற அமைப்பு எப்படி வரும் என்பதற்கு டார்வின் 1859இல் வழி காட்டினார். ஆத்திகர் இன்று ஒரு படி பின்னால் போய், பரிணாமம் நடக்க இடம் தரும் இயற்பியல் விதிகளே ஏன் இவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன என்று கேட்கிறார். அது டார்வினால் தீராத கேள்வி.

கடைசியில் இருவரும் எங்கே நிற்கிறார்கள்? 1948இல் பிபிசி வானொலியில் இயேசு சபைத் துறவி கோப்பிள்ஸ்டனும் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரசலும் விவாதித்தபோது, பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று ரசல் சொல்லிவிட்டார். முழுமைக்கும் சேர்த்து ஒரு காரணம் கேட்பதை அவர் ஏற்கவில்லை. கோப்பிள்ஸ்டன் அங்கே நிற்க மறுத்தார். தன் இருப்புக்குத் தானே காரணமான ஒன்றில்தான் ‘ஏன்’ நிற்க முடியும் என்பது அவர் நிலை. ரசல் கேள்வியைக் கைவிட்டார் என்பது ஆத்திகர் குறை. கோப்பிள்ஸ்டன் கேள்விக்குப் பெயர் வைத்துவிட்டுப் பதில் என்றார் என்பது நாத்திகர் குறை. இரண்டு குறையிலும் சாரம் இருக்கிறது.

துன்பம்: இங்கே சுமை ஆத்திகரிடம்

உலகின் இருப்பு நாத்திகருக்குச் சங்கடம் தரும் கேள்வி என்றால், துன்பம் ஆத்திகருக்கு. நாத்திகருக்குத் துன்பத்தில் புதிர் ஏதும் இல்லை. நம்மைப் பற்றிக் கவலையில்லாத உலகில் நிலநடுக்கமும் நோயும் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். லிஸ்பனில் மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த காலை வேளையில் நிலம் நடுங்கியது. பின்னாலேயே கடல் பொங்கியது, தீயும் பரவியது. பல்லாயிரம் பேர் இறந்தார்கள். எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கேலி செய்ய இது பெரிய தூண்டுதல் ஆயிற்று.

வாதத்தின் பாகங்கள் மூன்று. கடவுள் எல்லாம் வல்லவர். கடவுள் முழு நல்லவர். தீமை இருக்கிறது. மூன்றும் சேர்ந்து நிற்காது என்று 1955இல் ஜே. எல். மக்கி வாதிட்டார். ஆத்திகத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1970களில் கொடுத்த பதில், சுதந்திரமான உயிர்களைப் படைப்பவர் அவர்கள் தவறு செய்யும் வாய்ப்பையும் சேர்த்தே படைக்க வேண்டியிருக்கலாம் என்பது. மூன்றும் முரண்படுகின்றன என்ற கடுமையான கூற்றை இது பெரிதும் தளர்த்திவிட்டது என்பதை நாத்திகத் தத்துவவாதிகள் பலரே ஒப்புக்கொண்டார்கள். விவாதம் அத்துடன் முடியவில்லை. 1979இல் வில்லியம் ரோ, காட்டுத் தீயில் சிக்கி, யாரும் காணாமல் நாள்கணக்கில் துடித்துச் சாகும் மான்குட்டியைக் காட்டினார். அதில் யாருடைய சுதந்திரமும் இல்லை, யாரும் பாடம் கற்கவும் இல்லை. முரண்பாடு என்று அவர் சொல்லவில்லை. இப்படிப்பட்ட துன்பம் நல்ல கடவுள் இருப்பதற்கான வாய்ப்பைக் குறைக்கிறது என்றார். ஆத்திகரின் பதில்: நமக்குக் காரணம் தெரியவில்லை என்பதால் காரணமே இல்லை என்று ஆகாது. இந்தப் பதிலுக்கு ஒரு விலை உண்டு. கடவுளின் காரணங்கள் நமக்கு எட்டாதவை என்றால், நல்லது நடக்கும்போது அதன் காரணத்தை மட்டும் அறிந்ததுபோல் பேச முடியாது.

வினைக் கோட்பாடு வேறு பாதையில் போகிறது. இன்றைய துன்பம் முன்செய்த வினையின் பயன் என்றால் கடவுள்மேல் பழி இல்லை. கடவுளே இல்லாமலும் கணக்கு ஓடும். அப்படியானால் முதல் பிறவியின் துன்பம் எந்த வினையால் வந்தது என்று கேட்டால், வினைத்தொடர் அநாதி, தொடக்கமற்றது என்பது பதில். கவனித்தால் இதுவும் ‘ஏன்’ நிற்கும் ஓர் இடம்தான். நடைமுறையில் இதற்கு ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்கிவிடும்.

ஒரு நுட்பத்தைப் பலர் தவற விடுகிறார்கள். கடவுள்மேல் கோபப்படுவதும் கடவுளை மறுப்பதும் வேறு. ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கும் உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்கிறது புறநானூற்றின் 194ஆம் பாட்டு. பிச்சை எடுத்துத்தான் ஒருவர் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்கிறது 1062ஆம் குறள். முதல் குறளே ஆதிபகவனைச் சொல்லும் நூல் அது. சபிப்பதற்கும் ஆள் வேண்டும். துக்கத்தில் ஒருவர் ‘கடவுளே இல்லை’ என்று கதறினால் அதைக் கொள்கை அறிவிப்பாக எடுத்துக்கொள்வது இங்கிதமும் இல்லை, சரியான வாசிப்பும் இல்லை.

அறம்: மூன்று கேள்விகளைப் பிரித்தால்

கடவுள் பயம் இல்லாதவன் ஒழுங்காக வாழ்வானா என்ற கேள்வியில் மூன்று கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. நல்லது எது என்று எப்படித் தெரியும்? தெரிந்ததைச் செய்ய எது தூண்டும்? நல்லது என்பது எதனால் நல்லது? முதல் இரண்டிலும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. இரு பக்கத்திலும் நேர்மையானவர்களும் கயவர்களும் இருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். தத்துவச் சண்டை மூன்றாவதில்.

கடவுள் கட்டளையிட்டதால்தான் ஒன்று நல்லது என்றால், அவர் கொடுமையைக் கட்டளையிட்டால் அதுவும் நல்லதாகிவிடும். ஏற்கெனவே நல்லது என்பதால் கட்டளையிட்டார் என்றால், நன்மை கடவுளைச் சாராமல் நிற்கிறது. பிளேட்டோவின் காலத்திலிருந்து இருக்கும் பொறி இது. ஆத்திகர் இதிலிருந்து வெளியேறும் வழக்கமான வழி, நன்மை கடவுளின் இயல்பே, அது அவர் விருப்பத்துக்கு ஏற்ப மாறாது என்பது.

நாத்திகர் விழும் குழி வேறு. கூடி வாழ்ந்த இனங்கள் பிழைத்தன, அதனால் இரக்கம் நமக்குள் ஊறியது, எனவே இரக்கம் நல்லது என்பார். ‘எனவே’ என்ற அந்தச் சொல் தாங்காது. பிழைக்க உதவியவற்றில் அயலாரை வெறுப்பதும் இருந்திருக்கலாம். ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இருக்க வேண்டும்’ என்பதற்குத் தாவ முடியாது என்று டேவிட் ஹியூம் 1740இலேயே எச்சரித்தார். கவனமான நாத்திகர் வேறு இடத்தில் நிற்பார்: வலி கெட்டது என்பதற்கு வலிக்கிறவனுக்குக் காரணம் தேவையில்லை, அறம் அங்கிருந்து தொடங்கட்டும் என்பார்.

மரணமும் உணர்வும்

இறந்தபின் என்ன என்பது, உயிரோடு இருக்கும்போது நாம் யார் என்ற கேள்வியின் வால். மணிமேகலையின் பூதவாதி, தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் மற்றவற்றையும் கூட்டினால் கள்ளின் வெறி பிறப்பதுபோல் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறார். இன்றைய பொருள்முதல்வாதமும் சாரத்தில் இதைத்தான் சொல்கிறது. பூதங்களுக்குப் பதில் நரம்பணுக்கள். மூளை பாதித்தால் நினைவும் குணமும் மாறுவது அதற்கு வலுவான சான்று. எதிர்ப்பக்கத்தின் வலுவான சான்று, இவ்வளவு அளந்தும் நரம்பணுக்களின் மின்துடிப்பு ஏன் ‘சிவப்பாகத் தெரிவது’ என்ற அனுபவமாக வேண்டும் என்பது விளங்காதது. டேவிட் சால்மர்ஸ் 1995இல் இதற்குக் ‘கடினமான சிக்கல்’ என்று பெயரிட்டார். விளங்கவில்லை என்பதிலிருந்து ஆன்மா உண்டு என்று நேரே தாவக் கூடாது. தாவினால், அறிவு எட்டாத இடைவெளியில் எல்லாம் கடவுளை வைப்பதுபோல் ஆகும். இடைவெளி சுருங்கும்போது கடவுளும் சுருங்குவார்.

மதங்கள் மறுமையில் ஒரே குரலில் பேசுவதில்லை. உடலோடு மீண்டும் எழுவது, உயிர் வேறு உடல் புகுவது, பிறவியே அறுவது என்று விடைகள் பல. பௌத்தம் நிலையான ஆன்மா இல்லாமலே மறுபிறப்பைப் பேசும். நாத்திகரின் பக்கம் கிரேக்கத் தத்துவவாதி எபிக்கூரஸ்: நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வந்தபோது நாம் இல்லை. எளிதாகச் சொல்லிவிட்டார். தாமஸ் நேகல் 1970இல் திருத்தியதுபோல், மரணம் வலிப்பதால் கெட்டதாவதில்லை, கிடைத்திருக்கக்கூடியதைப் பறிப்பதால் கெட்டதாகிறது. மறுமை ஆறுதல் தருகிறது என்பது அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. ஆறுதல் தருவதாலேயே அது பொய் என்பதற்கும் சான்றாகாது.

வாழ்வின் பொருள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ‘வாழ்க்கைக்குப் பொருள்’ வேறு, ‘வாழ்க்கையில் பொருள்’ வேறு. முதலாவது மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு நோக்கம். அதைத் தர ஒருவர் வேண்டும், ஆகவே நாத்திகர் பெரும்பாலும் அது இல்லை என்று ஒப்புக்கொள்வார். இரண்டாவது பிள்ளை வளர்ப்பதிலும் வேலையிலும் நட்பிலும் கிடைப்பது. அதை யாரும் மறுப்பதில்லை. முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவதும் உதிர்ந்துவிடுமா என்பது மட்டுமே பிரச்சினை.

பேச உட்காரும்போது

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் (பிறர் கொள்கைகளை ஆராயும் பகுதி), ஒவ்வொரு எதிர்த்தரப்பின் கொள்கையையும் முதலில் எடுத்துச் சொல்லி, பிறகே மறுக்கிறது. அதில் முதலில் வருவது உலகாயதம். இன்றைக்கும் இதுதான் நல்ல முறை. எதிரே இருப்பவரின் நிலையை உங்கள் சொற்களில் சொல்லுங்கள். ‘ஆமாம், அதுதான்’ என்று அவர் தலையாட்டும்வரை மறுக்கத் தொடங்காதீர்கள். பிறகு எந்தக் கடவுள், எந்த அளவை, எங்கே நிறுத்துகிறீர்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். ஒரு அமர்வுக்கு ஒரு கேள்வி போதும். படைப்பிலிருந்து துன்பத்துக்கும் அங்கிருந்து மத வரலாற்றுக்கும் தாவினால் எதுவும் முடியாது.

பேச்சு கெடும் இடங்களில் முதன்மையானது, ஒரு கருத்து எப்படி வந்தது என்பதைக் கொண்டு அதன் உண்மையை அளப்பது. ‘பயத்தால்தான் கும்பிடுகிறாய்’ என்பதும், ‘கட்டுப்பாடில்லாமல் திரிய வேண்டும் என்றுதான் மறுக்கிறாய்’ என்பதும் ஒரே பிழை. பயந்தவன் சொன்னதும் சரியாக இருக்கலாம். அடுத்தது, ‘இல்லை என்று நிரூபி பார்க்கலாம்’ என்ற சவால். விண்வெளியில் சூரியனைச் சுற்றும் கண்ணுக்கெட்டாத தேநீர்க் கெண்டி ஒன்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மறுப்பது அடுத்தவர் வேலையாகாது என்றார் ரசல். உண்டு என்பவர்தான் தொடங்க வேண்டும்.

‘நம்பிவிட்டுப் போவோமே, இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நட்டமில்லை’ என்ற, பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கலின் பந்தயமும் அடிக்கடி வரும். பந்தயத்தில் ஒரே ஒரு கடவுளை வைத்தால்தான் கணக்கு வரும். ஒன்றையொன்று விலக்கும் பல கடவுள்களை வைத்தால் எதில் கட்டுவது என்று தெரியாமல் போகிறது. மேலும், லாபத்துக்காக நம்புகிறேன் என்று முடிவெடுத்த மாத்திரத்தில் நம்பிக்கை வந்துவிடாது. பாஸ்கலுக்கே இது தெரியும். நம்புகிறவர் செய்வதைச் செய்யத் தொடங்கு, நம்பிக்கை பழக்கமாக வரும் என்று அவர் அறிவுரை சொன்னார்.

எதையும் தீர்மானிக்காமல் நடுவில் நிற்பவருக்கு வேலை குறைவு என்று தோன்றும். கருத்தளவில் அவர் தள்ளிப்போடலாம். ஆனால் வழிபாட்டுக்கு வா என்று அழைத்தால் போவதா இல்லையா, சாகக் கிடப்பவர் ‘அங்கே பார்ப்போம், இல்லையா?’ என்று கேட்டால் என்ன சொல்வது, பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்பவற்றில் அவரும் ஏதோ ஒரு பக்கம் நடந்தாக வேண்டியிருக்கிறது.